ட்ரிஃப்ட் காருக்கு சேஸிஸ் வாங்கும் முன் தரையைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விடுமுறையில் பிள்ளைகளுக்கு என்ன வாங்கித் தரலாம் என்று உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். அதில் ரிமோட் கார் பற்றி ஒரு பத்தி இருந்தது. வளைவுகளில் சறுக்கிக்கொண்டே ஓடுகிற ட்ரிஃப்ட் கார் வாங்குகிறவர்கள் நான்கு சக்கரமும் இயங்குகிற வண்டியாகப் பார்த்து வாங்கினால் ஓட்ட எளிது, மற்றபடி விலைக்கேற்ற தரம் என்று இரண்டே வரியில் முடித்துவிட்டார்கள். இதே யோசனையைக் கேட்டுத்தான் மூன்று வருஷத்துக்கு முன்னால் நானும் என் மகனும் ஒரு வண்டி வாங்கி, பணத்தையும் ஒரு முழு லீவையும் விட்டோம். இன்னொரு வீட்டில் அது நடக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒரு இணையக் கடையில் பெட்டியின் மேல் ட்ரிஃப்ட் என்று பெரிதாகப் போட்டிருந்த நான்கு சக்கர வண்டி அது. வீட்டு ஹாலில், டைல்ஸ் தரையில் விட்டோம். வழுக்கியது, சரி. ஆனால் சோப்புக்கட்டி ஈரத்தரையில் போவது மாதிரி மொத்த வண்டியும் ஒரே பக்கமாக வழுக்கியது. மகன் பார்த்து ஆசைப்பட்டது வேறு. வண்டி இடது பக்கம் வளையும்போது முன்சக்கரம் வலது பக்கம் திரும்பியிருக்க, பின்பக்கம் வெளியே தள்ளி, அப்படியே வளைவு முழுக்க நிற்கிற அந்தக் காட்சி. நாள் முழுக்க முயற்சி செய்தும் அது வரவில்லை. தனக்குத்தான் ஓட்டத் தெரியவில்லை என்று நினைத்து ரிமோட்டைத் தூக்கி வைத்துவிட்டான். அதுதான் எனக்கு மனசு கேட்கவில்லை. பையனிடம் தப்பே இல்லை, அந்த சேஸிஸால், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தால், அதைச் செய்யவே முடியாது என்பது எனக்கே அப்புறம்தான் புரிந்தது.

மணல் கிடக்கிற ரோட்டில் பைக்கின் பின்சக்கரம் ஒரு பக்கம் இழுத்தால் நம் கை தானாகவே ஹேண்டிலை அந்தப் பக்கமே திருப்பும். ட்ரிஃப்டின் அடிப்படை அதுதான். பின்சக்கரம் பிடியை இழந்து வெளியே போகிறது, முன்சக்கரம் அது போகிற பக்கம் திரும்பி வண்டியைத் தாங்குகிறது. நான்கு சக்கரத்துக்கும் மோட்டார் சமமாகச் சக்தி கொடுத்தால் முன்சக்கரமும் சேர்ந்து சுழன்று, தான் பார்க்கிற பக்கம் வண்டியை இழுத்துக்கொண்டு போய்விடும். எதிர்ப்பக்கம் திருப்பினால் வண்டி வளைவைவிட்டு ஓடிவிடும். அதனால் சமபங்கு நான்கு சக்கர வண்டியை ஓட்டுகிறவர்கள் முன்சக்கரத்தை நேராகவோ வளைவின் உள்பக்கமாகவோதான் வைத்து ஓட்ட வேண்டியிருக்கும்.

ஜப்பானில் இந்தப் பொழுதுபோக்கு வளர்ந்த கதையே இதற்குச் சாட்சி. பெரிய கார்களில் 1970களில் பந்தய வீரர் குனிமிட்சு தகஹாஷி வளைவுகளில் இப்படிச் சறுக்கி ஓட்டினார், அதைப் பார்த்து வளர்ந்த கெய்ச்சி சுச்சியா டொயோட்டா ஏஇ86 காரில் மலைப்பாதைகளில் ஓட்டி ட்ரிஃப்ட் ராஜா என்று பெயர் வாங்கினார், 2001இல் ட்ரிஃப்டுக்கென்றே டி1 கிராண்ட் பிரி போட்டி தொடங்கியது. அந்த ஆசையில் சின்ன கார்களிலும் செய்து பார்த்தவர்கள் கையில் இருந்த, சாதாரணப் பந்தயத்துக்கான நான்கு சக்கர டூரிங் சேஸிஸில் வழவழப்பான பிளாஸ்டிக் டயரை மாட்டித்தான் ஆரம்பித்தார்கள். பார்க்க நன்றாக இருந்தது, ஆனால் உண்மையான கார் மாதிரி இல்லை. அப்புறம் பின்சக்கரம் முன்சக்கரத்தைவிட ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு வேகமாகச் சுழலும்படி பல்சக்கரத்தை மாற்றிப் பார்த்தார்கள். முன்சக்கரம் கொஞ்சம் எதிர்ப்பக்கம் திரும்பியது. கடைசியில் முன்சக்கரத்துக்குப் போகிற சக்தியையே வெட்டிவிட்டு பின்சக்கரம் மட்டும் ஓடுகிற சேஸிஸுக்கு வந்தார்கள். இன்று ட்ரிஃப்டுக்கென்றே வடிவமைத்து வருகிற 1/10 அளவு சேஸிஸ்களில் பெரும்பாலானவை இந்த வகைதான்.

பின்சக்கர வண்டி கஷ்டம் என்ற பேச்சு கைரோ வருவதற்கு முந்தைய காலத்துப் பேச்சு. நிஜ காரில் பின்பக்கம் இழுத்தால் ஓட்டுநரின் உடம்புக்கே தெரியும், ஸ்டியரிங்கைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் முன்சக்கரம் தானாக எதிர்ப்பக்கம் திரும்பும். சின்ன காரில் முன்சக்கரத்தைத் திருப்புகிற சர்வோ மோட்டார் அதை இறுக்கிப் பிடித்திருக்கிறது, நாம் பத்தடி தள்ளி நிற்கிறோம், எடை குறைவு என்பதால் வண்டி கண்மூடித் திறப்பதற்குள் சுற்றிவிடும். அந்த இடத்தில் கைரோ என்ற சின்னப் பெட்டி வண்டி சுழலும் வேகத்தை உணர்ந்து, நம் விரலுக்கு முந்திப் போய் சக்கரத்தைத் திருப்பிவிடுகிறது. அது திருப்பிவிடும் அளவை அதிகமாக வைத்தால் முன்சக்கரம் குளிர்க்காய்ச்சல் வந்த மாதிரி நடுங்கும், குறைவாக வைத்தால் வண்டி சுற்றிக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம் இருக்கிறது, அதைக் கண்டுபிடிக்க அரை மணி நேரம் போதும். கைரோவோடு பின்சக்கர வண்டியைக் கையில் கொடுத்தபோது என் மகன் முதல் நாள் சாயங்காலமே ஒரு வட்டம் முழுசாகப் போட்டான். அன்று வாசலுக்கு ஓடிவந்து என்னைக் கூப்பிட்ட குரல் இன்னும் காதில் இருக்கிறது.

சேஸிஸ் எது என்று கேட்டால், முதல் வண்டிக்குப் பின்சக்கர ஓட்டம் உள்ள அடிப்படை பிளாஸ்டிக் சேஸிஸே போதும் என்பேன். தைவானின் எம்எஸ்டி நிறுவனத்து ஆர்எம்எக்ஸ் வரிசை, ஜப்பானின் யோகோமோ நிறுவனத்து ஒய்டி-2 வரிசை, அதே நிறுவனம் புதியவர்களுக்கென்றே ரூக்கி ட்ரிஃப்ட் என்று விடுகிற ஆர்டி வரிசை, இவையெல்லாம் இந்த வகையில் வருபவை. கார்பன் தகடும் வண்ண அலுமினியமும் போட்ட உயர்ந்த சேஸிஸ்களைப் படத்தில் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும், எனக்கும் வந்தது. ஆனால் அந்த விலையில் வாங்குவது மாற்றி மாற்றிப் பொருத்திப் பார்க்கிற வசதியைத்தான். எதை மாற்றினால் என்ன ஆகும் என்று தெரியாதவன் கையில் அது குழப்பம்தான் தரும். டாமியாவின் டிடி-02டி மாதிரி நான்கு சக்கர ட்ரிஃப்ட் கிட்டுகளை நான் குறை சொல்ல மாட்டேன், ஒரு காரைத் திருகு திருகாகப் பூட்டிக் கற்றுக்கொள்ள அருமையான வண்டி அது. உங்கள் நண்பர்கள் எல்லோரும் நான்கு சக்கரம்தான் ஓட்டுகிறார்கள் என்றால் அதையே வாங்குங்கள். முன்சக்கரம் எதிர்ப்பக்கம் திரும்பி நிற்கிற அழகுக்காக என்றால் அது வேண்டாம்.

நான் சிங்காநல்லூரில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன், அதனால் வண்டியை எடுத்தவுடன் என் கை முதலில் போவது முன்சக்கரத்துக்குத்தான். கடையில் வாங்கினாலும் நண்பரிடம் பழைய வண்டி வாங்கினாலும் இதைச் செய்து பாருங்கள். சர்வோவை ஆன் செய்து வைத்து சக்கரத்தை விரலால் அசைத்தால் எவ்வளவு ஆட்டம் இருக்கிறது என்று பாருங்கள். ஆட்டம் அதிகமாக இருந்தால் எவ்வளவு நல்ல கைரோ போட்டாலும் வீண், அது திருப்புகிறது, சக்கரம் தாமதமாகக் கேட்கிறது. அடுத்து சக்கரம் எவ்வளவு தூரம் திரும்புகிறது என்று பாருங்கள். சாதாரண டூரிங் காரில் 30 டிகிரி சொச்சம் திரும்பினாலே போதும், ட்ரிஃப்ட் சேஸிஸில் 60 டிகிரிக்கு மேல் எதிலும் இடிக்காமல் திரும்ப வேண்டும். இரண்டு பின்சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுழல விடுகிற டிஃபரன்ஷியலை அநேகமாக எல்லோரும் பூட்டிவிடுகிறார்கள், இரண்டு பின்சக்கரமும் ஒன்றாகச் சுழன்றால்தான் சறுக்கல் சீராக வரும். அச்சுக்கு அச்சு நீளம் 257 மில்லிமீட்டர் என்பது பரவலான அளவு, அதற்கு பாடி, அதாவது மேல்கூடு, சுலபமாகக் கிடைக்கும்.

எடை எங்கே உட்காருகிறது என்பது இன்னொரு விஷயம். மோட்டாரும் பேட்டரியும் பின்பக்கம் தள்ளியிருந்தால் பின் டயருக்குப் பிடி கிடைத்து வண்டி முன்னால் பாயும், அதுவே மிகையாகப் போனால் முன் டயர் தரையைப் பிடிக்காமல் வளைவில் நேராக ஓடும். மோட்டாரை உயரத்தில் வைக்கிற சேஸிஸ்களும் இருக்கின்றன, ஆக்சிலேட்டர் கொடுத்ததும் எடை பின்னால் சாய்வது அதில் நன்றாகத் தெரியும். எது நல்லது என்று காகிதத்தில் சொல்ல முடியாது, ஏனென்றால் அது தரையைப் பொறுத்தது.

தரையைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். நம் ஊரில் பிள்ளைகளுக்குக் கிடைக்கிற இடங்களை யோசித்துப் பாருங்கள். மொட்டை மாடியில் தட்டோடு பதித்திருக்கும், இடுக்குகளில் டயர் தட்டித் தட்டிப் போகும். அபார்ட்மென்ட் வாசலில் பேவர் பிளாக், சேஸிஸின் அடிப்பாகம் தரையிலிருந்து சில மில்லிமீட்டர்தான் உயரம் என்பதால் ஒவ்வொரு விளிம்பிலும் உரசும். தார் ரோடு பிளாஸ்டிக் டயரை அரம் மாதிரி தேய்த்துவிடும். வீட்டு டைல்ஸ் வழுக்கல், ஆனால் இடம் போதாது. பழைய ரெட் ஆக்சைடு தரையும், மெருகேற்றிய சிமெண்டுத் தரையும் அருமையாக இருக்கும். எங்களுக்குத் தெரிந்தவரின் காலி குடோன் ஒன்று அப்படி அமைந்தது, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஈரத்துணி போட்டுத் தூசியைத் துடைத்துவிட்டு ஓட்டுகிறோம். தூசி இருந்தால் நேற்று சரியாக வைத்த அமைப்பு இன்று வேலை செய்யாது. ஆக, எங்கே ஓட்டப் போகிறோம் என்பதை முடிவு செய்யாமல் சேஸிஸ் வாங்குவது, எந்தக் கல்லில் கட்டப் போகிறோம் என்று பார்க்காமல் அஸ்திவாரம் தோண்டுகிற மாதிரி.

டயரும் அப்படியே. ஆரம்பத்தில் பல ஊர்களில் பிளம்பிங் குழாயை வளையமாக அறுத்து டயருக்குப் பதில் மாட்டினார்கள், நானும் பட்டறையில் பிவிசி குழாயைக் கடைந்து மாட்டிப் பார்த்தேன், ஓடும். ஆனால் நாலு பேர் சேர்ந்து ஓட்டும்போது ஒருவர் டயர் ஒரு மாதிரி வழுக்கினால் ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டி ஓட்டவே முடியாது. ட்ரிஃப்டில் முதலில் வந்தவர் யார் என்று பார்ப்பதில்லை, கோடு, கோணம், இரண்டு வண்டிகள் எவ்வளவு நெருக்கமாகச் சேர்ந்து சறுக்குகின்றன, இதுதான் கணக்கு. அதனால்தான் ட்ராக் வைத்திருக்கிறவர்கள் எல்லோரும் ஒரே டயர் போட வேண்டும் என்று விதி வைக்கிறார்கள். உங்கள் பக்கத்தில் ஓட்டுகிறவர்கள் என்ன சேஸிஸ், என்ன டயர் வைத்திருக்கிறார்கள் என்று முதலில் போய்க் கேளுங்கள், முடிந்தால் அதையே வாங்குங்கள். அவர்கள் அமைப்பை அப்படியே உங்கள் வண்டியில் வைத்துப் பார்க்கலாம், ஒரு திருகு தொலைந்தாலும் அவர்களிடம் இருக்கும்.

உதிரி பாகம் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. எங்கள் முதல் வண்டியில் சுவரில் மோதி, முன்சக்கரத்தைத் தாங்கித் திருப்புகிற நக்கிள் உடைந்தது. விற்ற கடையில் கேட்டால் பாகம் வராது, வண்டியாக வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். உடைவது எப்போதும் இதே மாதிரி இடங்கள்தான்: நக்கிள், கீழ் ஆர்ம், பந்து மூட்டு, பாடியைத் தாங்குகிற குச்சி. பணம் கொடுக்கும் முன் இந்த நான்கும் தனித்தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். கிடைக்காது என்றால் அந்த வண்டி எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

செலவுக் கணக்கையும் உங்கள் கட்டுரை சொல்லவில்லை. கிட் என்று வருகிற சேஸிஸில் பெரும்பாலும் மோட்டார், வேகக் கட்டுப்பாடு, சர்வோ, கைரோ, ரிமோட், பேட்டரி, சார்ஜர், பாடி எதுவும் இருக்காது. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்கவரியும் கூரியர் கூலியும் மேலே ஏறும். சேஸிஸுக்கு மட்டும் பணம் சேர்த்துவிட்டு மற்றதுக்கு மலிவாகப் போனவர்கள் கடைசியில் இரண்டு தடவை வாங்குகிறார்கள். கையில் இருப்பதில் சேஸிஸுக்குக் குறைவாக ஒதுக்கி, வேகமான சர்வோவுக்கும் நல்ல கைரோவுக்கும் கூடுதலாக வையுங்கள், ஓட்டும்போது விரலுக்குத் தெரிவது அதுதான். எல்லாம் பொருத்தியே வருகிற வண்டியும் உண்டு, கைரோ சேர்ந்து வருகிறதா என்று மட்டும் பார்த்து வாங்கினால் புதியவர்களுக்கு அதுவே நல்ல வழி. பேட்டரி லித்தியம் வகை, 7.4 வோல்ட். சார்ஜ் போடும்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும், போட்டுவிட்டுத் தூங்கப் போகக் கூடாது. இதைப் பெற்றோர்களுக்காகச் சொல்கிறேன்.

கார் பந்தய வீரர் கரிவர்தன் பெயரில் செட்டிபாளையத்தில் பந்தயத் தடம் இருக்கிற ஊர் எங்களுடையது, 2005இல் ஃபார்முலா ஒன் ஓட்டிய நரேன் கார்த்திகேயனின் ஊரும் இதுதான். இங்கே கார் பைத்தியம் பிடித்த பிள்ளைகளுக்குக் குறைவே இல்லை, குறைவது வழவழப்பான தரை ஒன்றுதான். பல ஊர்களில் பூங்காக்களிலும் பள்ளிகளிலும் ஸ்கேட்டிங் ரிங்க் கட்டியிருக்கிறார்கள், காலையும் மாலையும் போக மதியம் முழுக்கக் காலியாகக் கிடக்கிறது. அந்தச் சிமெண்டுத் தரை இதற்கென்றே போட்ட மாதிரி இருக்கும், பிளாஸ்டிக் டயர் அதைக் கெடுக்காது, பெட்ரோல் புகையோ பெரிய சத்தமோ கிடையாது. வாரத்தில் இரண்டு மணி நேரம் கட்டணம் வாங்கிக்கொண்டு விட்டாலும் போதும், வந்து தரையை நாங்களே கூட்டித் துடைத்துக்கொள்கிறோம். இதை உங்கள் நாளிதழ் எடுத்து எழுதினால் சம்பந்தப்பட்டவர்கள் கண்ணில் படும்.

அடுத்த முறை அந்தப் பத்தியை எழுதுகிறவர் ஒரு ஞாயிறு காலையில் எங்கள் குடோனுக்கு வரட்டும். பின்சக்கர வண்டி ஒன்று, நான்கு சக்கர வண்டி ஒன்று, இரண்டையும் கையில் கொடுக்கிறோம்.

இப்படிக்கு,
லேத் பட்டறை நடத்தும் வாசகர் ஒருவர்,
சிங்காநல்லூர், கோவை.