பட்டன் எந்தப் பக்கம்

கோத்தகிரி,
9-11-2025

அன்புள்ள கண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். முதலில் உன் பெயரைப் போட்டுத்தான் ஆரம்பித்தேன். அப்புறம் அந்தத் தாளைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டேன். கண்ணு என்றால் தப்பில்லையே? நீ பிறந்த அன்றைக்கு நர்ஸ் கையிலிருந்து வாங்கியபோது என் வாயில் முதலில் வந்தது அதுதான். பெயரெல்லாம் பதினோராம் நாள்தான் வைத்தோம்.

சளி எப்படி இருக்கிறது? நாலு மாதமாக ஒரே சளி, குரல் கட்டிக்கொண்டது என்கிறாய். சுக்கும் மிளகும் தட்டிப் போட்டுக் கொதிக்கவைத்துக் குடி. வீடியோவில் வா என்றால் நெட் சரியில்லை என்கிறாய். கோத்தகிரியில் நெட் நன்றாக இருக்கிறது, எடின்பரோவில்தான் இல்லை போல. சரி.

புத்தக விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் ஒரு வரி அனுப்பினாய். ‘பச்சை ட்ரங்குப் பெட்டில இருக்கிற ஹாரி பாட்டர் எல்லாத்தையும் யாருக்காவது குடுத்துடுங்க, இல்லன்னா எடைக்குப் போட்டுடுங்க.’ ஏன் என்று கேட்டேன். இரண்டு நீல டிக் விழுந்தது. அவ்வளவுதான்.

எடைக்குப் போடுவதா? 2007 ஜூலை 21, சனிக்கிழமை, ஆடி மழையில் முதல் பஸ்ஸைப் பிடித்து ஊட்டிக்குப் போய் ஏழாவது புத்தகம் வாங்கினோமே. ஆயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம்தான் குறைவு. அப்போது ஒரு பிளவுஸுக்கு நாற்பது ரூபாய் கூலி. திரும்பி வரும்போது தொட்டபெட்டா தாண்டுவதற்குள் நீ கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டாய், அதற்கு ஒரு திட்டு வாங்கினாய். எனக்கு இங்கிலீஷ் வராது. நான் மிஷின் மிதிக்க, நீ பக்கத்தில் உட்கார்ந்து, மிஷின் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்தித் தமிழில் சொல்வாய். உன் ஹாக்ரிட் நம் ஊர் பஸ் கண்டக்டர் மாதிரியே பேசுவார். மேட்டுப்பாளையம் பக்கமிருந்து பனிமூட்டம் ஏறி வந்து ஜன்னலை மூடினால் போதும், ‘டிமென்டர் வருது, சாக்லேட் குடு’ என்று நிற்பாய். கதையில் அந்தப் பேய் வந்தபோது வாத்தியார் ஒருவர் கொடுத்தாராமே. ஊட்டி சாக்லேட் கால் கிலோ வாங்கினால் இரண்டு நாள் தாங்காது.

அதனால் எனக்கு அந்தக் கதையை எழுதியது எந்த வெள்ளைக்காரம்மாவும் இல்லை, நீதான். இதைச் சொன்னால் உனக்குக் கோபம் வருமோ என்னவோ.

அக்காவிடம்தான் கேட்டேன். அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை, நான் என்ன அந்நியமா? அவள் போனை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக வாசித்துச் சொன்னாள். கதையை எழுதிய அந்த ரவுலிங் அம்மா, திருநங்கை, திருநம்பி விஷயத்தில் பிறப்பால் வந்த பால்தான் முக்கியம் என்று 2020 ஜூனில் நீளமாக ஒன்று எழுதினாராம். அதில், கட்டியவனிடம் தான் பட்ட கொடுமையையும் சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டபோது எனக்கு வயிறு கலங்கியது. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு, அரசாங்க உதவிப் பணத்தில் காலம் தள்ளி, காபிக்கடையில் உட்கார்ந்து எழுதினவர் என்று நீதானே சொல்வாய்? அந்த ஊரில்தான் படிப்பேன் என்று போய், முதல் வாரமே காபிக்கடை வாசலில் நின்று போட்டோ அனுப்பினாயே. லைன் வீட்டில் பிறந்த பிள்ளை எடின்பரோவில் நிற்கிறது என்று நான் அதைக் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினேன்.

அவ்வளவு பட்டவர், இன்னொருத்தர் படுவது தெரியாமலா பேசுவார்? அக்கா சொன்னாள், பேச்சோடு நிற்கவில்லை அம்மா என்று. போன வருஷம் ஒரு அமைப்பு வழக்கு நடத்த 70,000 பவுண்டு கொடுத்திருக்கிறார். அந்த வழக்கில்தான் இந்த ஏப்ரல் 16 அன்று தீர்ப்பு வந்தது. 2010-ஆம் வருஷத்துச் சமத்துவச் சட்டத்தில் பெண் என்றால் பிறப்பால் பெண் மட்டும்தான் என்று அங்கே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதாம். நம் ஊர் உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15-லேயே, அவரவர் தன்னை யாராக உணர்கிறாரோ அதைச் சட்டம் ஏற்க வேண்டும் என்று சொன்னதாம். சரியாகப் பதினோரு வருஷமும் ஒரு நாளும். அங்கே போனால் எல்லாம் நம்மைவிட முன்னால் இருக்கும் என்று நினைத்துத்தானே நகையை வைத்து அனுப்பினோம்.

அங்கே உன் சிநேகிதர்களில் திருநங்கை, திருநம்பி யாராவது இருந்தால் அம்மா சொன்னதாகச் சொல். வெளியே கழிப்பறைக்குப் போகப் பயந்துகொண்டு தண்ணீர் குடிக்காமல் இருக்கக் கூடாது. தாத்தாவுக்குக் கல் வந்து பட்ட பாடு உனக்குத் தெரியும். தனியாகவும் போக வேண்டாம், துணைக்கு ஒருவரை வாசலில் நிறுத்திக்கொள்ளட்டும். அப்புறம் அந்தச் சுக்கு.

எனக்குத் தெரிந்தது துணிக் கணக்குதான். வாங்கின துணிக்குக் காசு கொடுத்தாயிற்று, இனி அதை உடுத்தினாலும் கிழித்தாலும் கடைக்காரனுக்கு ஒரு பைசா போகாது. பெட்டியில் இருக்கிற ஏழும் அப்படித்தான் என்று முதலில் சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் அக்கா மகள் குட்டி முதல் புத்தகத்தை எடுத்துப் போயிருக்கிறாள். நாலாம் நாள் மந்திரக்கோல் வேண்டும் என்கிறாள், கோடு போட்ட மப்ளர் வேண்டும் என்கிறாள். புதிதாக டிவி தொடர் எடுக்கிறார்களாமே, அதில் அந்தம்மாவும் தயாரிப்பாளர், அதையும் பார்ப்பாள். பழைய புத்தகம் சும்மா இருப்பதில்லை கண்ணு, புது வாடிக்கையைப் பிடித்துக் கொடுக்கிறது. பிடுங்கிக்கொள்ளலாம் என்று போனேன். கம்பளிக்குள் டார்ச் வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். உன்னைப் போலவே வாயைத் திறந்துகொண்டு. திரும்பி வந்துவிட்டேன். மப்ளர் கிடையாது என்று மட்டும் சொன்னேன். தொடருக்கும் கிடையாது என்று சொல்ல வேண்டும், இன்னும் சொல்லவில்லை.

அவள் வந்து தொப்பிக் கதையைக் கேட்டாள். எனக்கு அது நன்றாக நினைவிருக்கிறது. தலையில் தொப்பியை வைத்தால் யார் எந்த வீடு என்று அது சொல்லும். அந்தப் பையனுக்கு வேறொரு வீடு என்று அது ஏறக்குறைய முடிவு பண்ணிவிட்டது. அங்கே வேண்டாம், வேண்டாம் என்று பையன் மனசுக்குள்ளேயே கெஞ்ச, சரி என்று கேட்டுக்கொண்டதே! இதைச் சொல்லும்போது நீ தையல் மெஷின் கவரைத் தலையில் மாட்டிக்கொள்வாய். அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வாய். நான் நூல் கோத்துக்கொண்டு உம் கொட்டினேன். அப்போது எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

அந்தம்மாவை நான் ரொம்பத் திட்ட முடியாது கண்ணு.

2009 நவம்பரில் மண் சரிந்து ரோடெல்லாம் அறுந்து, கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, அந்த ராத்திரி. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் என் துணிக் கத்திரிக்கோலை எடுத்து முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு வந்து நின்றாய். முனை போச்சு, முனை போச்சு என்று கத்தினேன். முனைக்காக நான் கத்தவில்லை. அதற்கப்புறம் சொன்னேனே, ‘பொம்பளையாப் பொறந்தா பொம்பளையா இரு, வேஷம் போட்டா ஊரே சிரிக்கும்’ என்று. அதை நீ மறந்திருக்க மாட்டாய். அந்தம்மா உலகத்துக்கு முன்னால் சொன்னதை நான் சமையலறையில் வைத்துச் சொன்னேன். 70,000 பவுண்டு என்னிடம் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஊர் கேட்டால் என்ன சொல்வது என்று, வேண்டுதல் என்றேன். ரோடு சரியானதும் பழனிக்கு அழைத்துப்போய் மொட்டையே போட்டுவிட்டேன். முருகன் பெயரில் பொய். மஞ்சூர் அத்தைக்கு இன்றைக்கும் அது வேண்டுதல்தான். மலையடிவாரத்தில் எடுத்த போட்டோவை நேற்றுப் பெட்டியில் பார்த்தேன். தலையில் சந்தனத்தோடு நீ பல் தெரியச் சிரிக்கிறாய். ஆல்பம் முழுக்கத் தேடினேன், பத்து வயசுக்கு மேல் நீ அப்படிச் சிரித்து வேறு போட்டோ இல்லை.

நான் பின்னிக் கொடுத்த மெரூன் ஸ்வெட்டர் இருக்கிறதா, அதையும் கொடுத்துவிட்டாயா? கதையில் வரும் அம்மா மாதிரி முன்னால் எழுத்துப் போட்டுத்தான் வேண்டும் என்று நின்றாய். அந்த எழுத்து தனி நூல். மேல் பக்கம் ஒரு கண்ணியை அறுத்து இழுத்தால் மொத்தமும் வந்துவிடும், ஸ்வெட்டருக்கு ஒன்றும் ஆகாது. உனக்கு வராவிட்டால் அனுப்பு, நான் பிரித்து வேறு எழுத்துப் போட்டுத் தருகிறேன். என்ன எழுத்து என்று சொல்.

புத்தகம் ஆறு பெட்டியில் இருக்கிறது, ஒன்று குட்டியிடம். எடைக்குத்தான் போட வேண்டும் என்றால் போடுகிறேன், இனி ஏன் என்று கேட்க மாட்டேன்.

அப்பாவுக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவர் போன வாரம் தானாகவே, ‘போன்ல குரல் எங்கப்பா மாதிரியே இருக்கு’ என்றார். சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார். அது சளியாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. சுக்கு உடம்புக்கு நல்லதுதான்.

டிசம்பரில் வருவாயா? கோயம்புத்தூரிலிருந்து வாடகைக் காரில் வந்தால் இ-பாஸ் எடுக்க மறக்காதே, குஞ்சப்பனை செக்போஸ்ட்டில் நிறுத்திவிடுவார்கள்.

பெட்டியில் புத்தகங்களுக்கு அடியில் அந்த நீலச் செக் துணி இருந்தது. ப்ளஸ் ஒன்னில் நீ எடுத்துக் கொடுத்து, காலர் வைத்துச் சட்டை தை என்றாயே, நான் தைக்கிறேன் தைக்கிறேன் என்று மடித்து வைத்தது. இரண்டே கால் மீட்டர், ஒரு பூச்சி அரிப்பு இல்லை. தண்ணீரில் நனைத்துக் காயப்போட்டு இஸ்திரியும் போட்டுவிட்டேன். பழைய அளவில் வெட்ட மாட்டேன். தோள், மார்பு, கை நீளம் மூன்றும் அளந்து அனுப்பு. அப்புறம் ஒன்று. ஆம்பளைச் சட்டைக்குப் பட்டன் வலப்பக்கம், காஜா இடப்பக்கம். பொம்பளைச் சட்டைக்கு மாறி வரும். எந்தப் பக்கம் வைக்கட்டும் என்று எழுது, அது தெரியாமல் பட்டி மடிக்க முடியாது.

அன்புடன்,
அம்மா