பொம்பெயிக்குப் போகும் மகளுக்கு

அன்புள்ள கண்ணம்மா,

பொம்பெய் போகப்போவதாக நீ சொன்னதிலிருந்து இத்தாலியில் எரிமலைச் சாம்பலில் புதைந்துபோன அந்தப் பழைய ரோமானிய நகரத்தின் தெருக்கள்தான் என் கண்ணுக்குள் நிற்கின்றன. போனில் சொல்லித் தீராது, அதனால் எழுதுகிறேன்.

டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துவிடு. 2024 நவம்பரிலிருந்து ஒரு நாளைக்கு 20,000 பேருக்கு மேல் விடுவதில்லை. நேப்பிள்ஸிலிருந்து சர்க்கம்வெசுவியானா ரயிலில் ஏறி ‘பொம்பெய் ஸ்கவி’யில் இறங்கினால் வாசல் பக்கத்திலேயே இருக்கிறது. நிழல் குறைவு, குழந்தைக்குத் தொப்பி மறக்காதே.

உள்ளே போனதும் கோயில், அரங்கம் என்று ஓடாமல் தெருவைப் பாருங்கள். குறுக்கே நடைபாதை உயரத்துக்குப் பெரிய கற்கள் போட்டிருப்பார்கள். மழைத்தண்ணீரும் கழிவும் ஓடும் தெருவைக் கால் நனையாமல் கடப்பதற்கு. இடையிடையே வண்டிச் சக்கரம் போக வழி விட்டிருக்கிறார்கள். சக்கரம் உருண்டு உருண்டு அங்கே தரைக்கல்லில் பள்ளமே விழுந்திருக்கிறது. அப்புறம் தெருமுனைத் தண்ணீர்த் தொட்டி. குனிந்து குடித்தவர்கள் கையை ஊன்றி ஊன்றி, விளிம்பில் அந்த ஓரிடம் மட்டும் வழவழவென்று குழிந்திருக்கும். நானும் ஊன்றிப் பார்த்தேன். உள்ளங்கை அப்படியே பொருந்தியது. பேத்தியையும் வைத்துப் பார்க்கச் சொல்.

கி.பி. 79-இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்தவர்கள் மேல் சாம்பல் இறுகியது. உடல் மட்கிய பிறகும் அதே வடிவில் உள்ளே வெற்றிடம் இருந்தது. 1863-இல் ஜுசெப்பே ஃபியோரெல்லி என்ற தொல்லியல் அறிஞர் அதற்குள் பிளாஸ்டர் ஊற்றி அந்த உருவங்களை எடுத்தார். ஒரு தோட்டத்தில் 13 பேர், அவர்களில் குழந்தைகளும் உண்டு, கண்ணாடிக்குப் பின்னால் கிடக்கிறார்கள். அங்கே சிலர் சிரித்துக்கொண்டே செல்ஃபி எடுத்தார்கள். எனக்குத் தாங்கவில்லை. நீங்கள் அங்கே போட்டோ எடுக்க வேண்டாம், கண்ணு.

வேறொரு வீட்டில், கையில் தங்கக் காப்போடு ஒருவர், மடியில் குழந்தை. தாயும் பிள்ளையும் என்றுதான் வெகுகாலம் சொல்லிவந்தார்கள். 2024-இல் வெளியான மரபணு ஆய்வில் அவர் ஆண் என்றும், குழந்தைக்கு ரத்த உறவே இல்லை என்றும் தெரிந்தது. அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. யார் பெற்ற பிள்ளையோ, அந்த நேரத்திலும் கைவிடாமல் வைத்திருந்திருக்கிறார், பார்.

மறுநாள் நேப்பிள்ஸ் தொல்லியல் அருங்காட்சியகம் போங்கள். பொம்பெயில் 1938-இல் கிடைத்த இந்தியத் தந்தச் சிலை அங்கேதான் இருக்கிறது. சிறிய பெண் உருவம், நகைகள் நிறைய. கடல் தாண்டி அவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பேத்திக்குச் சொல். செவ்வாய்க்கிழமை அங்கே விடுமுறை, அதைப் பார்த்து நாளை முடிவு செய்யுங்கள்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அம்மா