மாதிரிப் பெட்டியைத் திறந்து பாருங்கள்

கடலூர் மாவட்டக் காவல் துறை மோப்ப நாய் பிரிவினருக்கு,

வணக்கம். பள்ளியில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். ரயில் நிலையத்தில் உங்கள் நாய்கள் பெட்டிகளை முகர்ந்தபடி போகும்போதெல்லாம் நின்று பார்ப்பேன். அந்த மூக்குக்காகத்தான் இந்த மடல்.

பலாப்பழக் காலத்தில் பண்ருட்டி பஸ்ஸில் வந்தவர்களுக்குத் தெரியும். இருக்கைக்கடியில் ஒரே ஒரு பழம் இருந்தாலும் வீடு சேர்ந்த பிறகும் சட்டை மணக்கும். நாய்களைப் பழக்கப் பயன்படும் போதைப்பொருள், வெடிமருந்து மாதிரிகளை வைக்கும் பெட்டிக்குள்ளும் இதுவே நடக்கிறது. பொருளிலிருந்து காற்றில் எது எழுகிறதோ அதைத்தானே நாய் அறியும்? கொக்கெய்ன் தேடும் நாய் பெரும்பாலும் பிடிப்பது மெத்தில் பென்சோயேட்டை. ஈரம் பட்டு கொக்கெய்ன் சிதையும்போது எழும் ஆவி அது. கஞ்சாவுக்கு மணம் தரும் டெர்பீன்கள் சாதாரண பாலிதீன் பையை ஊடுருவி வெளியேறிப் பக்கத்து மாதிரியில் படியும். வெடிமருந்தில் இது உயிர்ப் பிரச்சினை. ஆர்.டி.எக்ஸ். மிக மிகக் குறைவாகவே ஆவியாகும், டி.என்.டி. அதைவிடப் பல மடங்கு அதிகமாக ஆவியாகும். இரண்டையும் ஒரே பெட்டியில் வைத்தால் ஆர்.டி.எக்ஸ். மாதிரியிலும் டி.என்.டி. வாடைதான் மேலோங்கும். அப்படிப் பழகிய நாய், வெறும் ஆர்.டி.எக்ஸ். பொட்டலத்தைக் கடந்து போய்விடக்கூடும். அதைக் குறை சொல்ல நமக்கு என்ன உரிமை?

ஆகவே கேட்கிறேன்: ஒவ்வொரு மாதிரிக்கும் இறுக மூடும் தனிக் கண்ணாடி ஜாடி, வகைக்கொரு அலமாரி, மாதிரிக்கு மாதிரி புதுக் கையுறை. பயிற்சியின்போது அதே வகை வெறும் பை, கையுறை, ஒட்டுநாடா ஆகியவற்றையும் ஒளித்து வையுங்கள். அவற்றின் முன் நாய், பொருளைக் கண்டுபிடித்ததற்கு அடையாளமாக, உட்கார்ந்தால், அது பிளாஸ்டிக்கைக் கற்றிருக்கிறது என்று அன்றே தெரிந்துவிடும்.

ஒளித்த இடம் கையாளுநருக்கும் தெரியக்கூடாது. கலிபோர்னியாவில் நடந்து 2011இல் வெளியான ஆய்வில் 18 நாய்–கையாளுநர் இணைகள் பங்கேற்றன. எங்குமே போதைப்பொருளோ வெடிமருந்தோ இல்லை. ஆனால் சில இடங்களில் இருப்பதாகக் கையாளுநர்கள் நம்பவைக்கப்பட்டார்கள். 144 தேடல்களில் தவறான அறிவிப்பே இல்லாமல் முடிந்தவை 21 மட்டும்.

ஜாடி தேர்ந்தெடுக்கவும் வெறும் பொதிகள் தயாரிக்கவும் ஆள் வேண்டுமானால் நான் வருகிறேன். ஊதியம் வேண்டாம். பயிற்சி நடக்கும் ஒரு காலையில் ஓரமாக நின்று பார்க்க அனுமதித்தால் போதும்.

அன்புடன்,
கடலூர் முதுநகர்வாசி ஒருவர்