செயலாளரின் ஆண்டறிக்கை: ஓவன்ஸ்–மரே லீக் பட்ட அட்டவணைப் பணி

பேரவையினருக்கு வணக்கம்.

சென்ற பேரவை ஒப்படைத்த வேலை ஒன்றுதான். 1893-இல் தொடங்கிய ஓவன்ஸ்–மரே லீகின் (ஆஸ்திரேலிய விதிக் கால்பந்து) பட்ட அட்டவணையை, அதாவது எந்த ஆண்டு எந்த அணி பட்டம் வென்றது என்ற பட்டியலைப், பழைய பட்டியல்களிலிருந்து படியெடுக்காமல், அந்தந்தக் காலப் பத்திரிகையோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க வேண்டும். மற்றபடி கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன. வரவுசெலவைப் பொருளாளர் வாசிப்பார்.

இந்த லீக் மரே ஆற்றின் இரு கரைக்கும் சொந்தம். ஆல்பரி, வடக்கு ஆல்பரி, லாவிங்டன் ஆகியவை நியூ சவுத் வேல்ஸில் உள்ளன. வொடோங்கா, வாங்கரட்டா, மிர்ட்டில்ஃபர்ட், யாரவொங்கா ஆகியவை விக்டோரியாவில். 1979-இல் ஒன்றாகிய கொரோவா–ரதர்க்ளன் கழகத்தின் பெயரிலேயே இரண்டு மாநிலங்கள்: கொரோவா நியூ சவுத் வேல்ஸில், ரதர்க்ளன் விக்டோரியாவில். ஆகவே ஒரே ஆட்டத்துக்கு இரண்டு கரைப் பத்திரிகைகளிலும் செய்தி கிடைக்கிறது. ஆஸ்திரேலியத் தேசிய நூலகத்தின் ட்ரோவ் தளத்தில் கொரோவா ஃப்ரீ பிரஸ், ரதர்க்ளன் சன், ஆல்பரி பேனர் முதலியவற்றைப் பார்க்கலாம். ஆனால் பதிப்புரிமை காரணமாகப் பெரும்பாலான இதழ்கள் 1954-உடன் நின்றுவிடுகின்றன. அதற்குப் பிந்தைய ஆண்டுகளுக்கு மைக்ரோஃபிலிம்தான் வழி.

அதிகம் இடறுவது தொடக்க ஆண்டுகளில்தான். நடுவிலுள்ள இரு கம்பங்களுக்கிடையே உதைத்தால் கோல், அதை ஒட்டிய பக்கக் கம்பத்துக்குள் போனால் பிஹைண்ட். இன்று கோலுக்கு 6 புள்ளி, பிஹைண்டுக்கு 1. 1896 வரை பிஹைண்டுகளை அச்சிட்டார்கள், கணக்கில் சேர்க்கவில்லை. 1897-இல் மெல்பர்னில் புதிதாகத் தொடங்கிய விக்டோரிய லீக் புள்ளிமுறையைக் கொண்டுவந்த பிறகே அது நாட்டுப்புறத்துக்கும் வந்தது. எடுத்துக்காட்டாக, 1894-இல் ஓர் அணி 4.2 (4 கோல், 2 பிஹைண்ட்), மற்றது 3.9 என்றால் வென்றது முதல் அணி. பிற்காலத்தவர் பழக்கதோஷத்தில் பெருக்கிப் பார்த்தால் 26-க்கு 27 என்று வெற்றியே கைமாறிவிடும். 4.7-உம் 4.1-உம் அன்று சமன். எனவே 1897-க்கு முந்தைய வரிகளில் மொத்தப் புள்ளி என்ற கட்டத்தையே எடுத்துவிட்டோம். காலியாக விட்டால் யாராவது ஒருநாள் நிரப்பிவிடுவார்கள்.

பிந்தைய ஆண்டுகளுக்குப் பெருக்கலே காவல். பக்கப் படத்தை எழுத்தாக மாற்றும் ட்ரோவின் எழுத்துணரி மென்பொருள் 3-ஐ 8 என்றும் 1-ஐ 7 என்றும் வாசிக்கும். 10.12 (72) என்றால் பத்தை ஆறால் பெருக்கிப் பன்னிரண்டைக் கூட்ட வேண்டும். மொத்தம் ஒத்துவராவிட்டால் பக்கப் படத்தைத் திறந்து கண்ணால் பார்க்க வேண்டும். ஆட்டத்தின் நான்கு கால்பகுதி எண்ணிக்கைகள் தொடர்கூட்டலாகவே அச்சாகும். 5.4-க்கு அடுத்து 3.9 வந்தால் எங்கோ ஓர் இலக்கம் பிழை. வாரம் ஒருமுறையோ இருமுறையோ வந்த இதழ்களில் அச்சு நாளை ஆட்ட நாளாக எடுத்துக்கொள்ளவும் கூடாது.

பெயரும் ஏமாற்றும். இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்துச் செய்தியில் வெறுமனே ரோவர்ஸ் என்றிருந்தால், அது ரதர்க்ளன் பக்கத்து லேக் ரோவர்ஸாக இருக்கக்கூடும். வாங்கரட்டா ரோவர்ஸ் இந்த லீகுக்கு வந்தது 1950-இல்தான்.

அடுத்த கண்ணி இறுதியாட்டம். 1931-இல் மெல்பர்னில் பேஜ் முறை என்ற இறுதிச்சுற்று ஏற்பாடு வருவதற்கு முன், புள்ளிப் பட்டியலில் முதலிடம் பெற்ற அணிக்கு அறைகூவல் உரிமை இருந்தது. அது இறுதியிலோ அரையிறுதியிலோ தோற்றாலும், இறுதியில் வென்ற அணியை மீண்டும் ஒருமுறை மைதானத்துக்கு அழைக்கலாம். அந்த ஆட்டமே பட்டத்தை முடிவுசெய்யும். நாட்டுப்புற லீக்குகளிலும் இந்த வழக்கம் பரவலாக இருந்தது. ஆகவே "இறுதியில் வென்றது" என்ற தலைப்பைப் பார்த்ததும் எழுதிவிடக்கூடாது. அடுத்த இரண்டு வார இதழ்களையும் புரட்ட வேண்டும். முதலிட அணியே இறுதியிலும் வென்றிருந்தால் அறைகூவலுக்கு வேலையில்லை. அப்போது செய்தி இல்லாததே சரி. அதைத் தேடி மாய வேண்டாம்.

இந்த லீகின் கதையைப் பணத்தை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது. ஆல்பரியில் ஆடிய ஹெய்டன் பன்டனை மெல்பர்னின் ஃபிட்ஸ்ராய் கழகம் 222 பவுண்டு கொடுத்து இழுத்தது தெரியவந்ததால், 1930 முழுவதும் அவருக்கு மெல்பர்னில் ஆட அனுமதி கிடைக்கவில்லை. பின்னர் 1931, 1932, 1935 என மூன்று முறை, விக்டோரிய லீகின் ஆண்டுச் சிறந்த ஆட்டக்காரருக்கான பிரௌன்லோ பதக்கத்தை வென்றார். அதே 1930-இல் வந்த கூல்ட்டர் சட்டம், மெல்பர்ன் ஆட்டக்காரருக்கு ஆட்டத்துக்கு 3 பவுண்டுக்கு மேல் தரக்கூடாது என்றது. அந்தக் கட்டு நாட்டுப்புறக் கழகங்களுக்கு இல்லை. மெல்பர்ன் நட்சத்திரங்கள் அணித்தலைவர்–பயிற்சியாளர்களாக இங்கே வந்ததற்கு இது பெரிய காரணம். மெல்பர்ன் கழகமான காலிங்வுட்டின் மாக் ஹோல்டன் பயிற்சியில் வாங்கரட்டா 1949 முதல் 1952 வரை தொடர்ந்து நான்கு பட்டம் எடுத்தது. 1956-இல் வந்த பாப் ரோஸ், வாங்கரட்டா ரோவர்ஸுக்கு 1958, 1960 பட்டங்களைப் பெற்றுத் தந்தார். ஹோல்டன் பிறகு இண்டை தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரானார். பயிற்சியாளருக்கு இங்கே இருந்த செல்வாக்கை இதிலிருந்தே ஊகிக்கலாம்.

விக்டோரியாவில் 2016 முதல், ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் புள்ளி வைத்து அணியின் மொத்தத்துக்கு வரம்பிடும் ஆட்டக்காரர் புள்ளி முறையும், அதையடுத்துச் சம்பள உச்சவரம்பும் நடப்பில் உள்ளன. 2022 இறுதியாட்டத்தில் யாரவொங்காவை வென்ற வாங்கரட்டா, உச்சவரம்பை மீறியதாக முடிவானதால் பட்டத்தை இழந்தது. அந்த வரியை எப்படி எழுதுவது என்பதில் குழுவில் நீண்ட விவாதம் நடந்தது. ஆடிய ஆட்டத்தை ஆடவில்லை என்று எழுத முடியாது. எனவே ஆட்ட முடிவுக்கு ஒரு பத்தி, பட்டத்துக்கு வேறொரு பத்தி என்று பிரித்தோம். 2022-க்கு முதல் பத்தியில் முடிவு இருக்கும். இரண்டாவதில் "பறிக்கப்பட்டது" என்ற சொல் மட்டும். கொரோனாவால் ஆட்டமே நடக்காத 2020-க்கும் உலகப்போர்க் கால இடைவெளிகளுக்கும் "ஆட்டமில்லை" என்று எழுத வேண்டும். கோடு போட்டால் தகவல் கிடைக்கவில்லை என்று பொருள்படும்.

வீடுகளிலிருந்து வரும் ஒட்டுப் புத்தகங்கள் பற்றி ஒரு வேண்டுகோள். கிழிந்த செய்தித்தாளில் செல்லோ டேப் ஒட்டாதீர்கள். பசை பழுப்பேறி எழுத்தைத் தின்றுவிடும். ஒட்டிய துண்டை உரிக்கவும் வேண்டாம், பக்கத்தோடு 300 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் போதும். அணிப் படங்களின் பின்புறம் பெயர்களை மென்பென்சிலால், ஓரத்தில், அழுத்தாமல் எழுதுங்கள். பால்பாயின்ட் பேனா முன்பக்கம் வரை தடம் பதிக்கும்.

பேரவையின் ஒப்புதலுக்கு இரண்டு தீர்மானங்கள்: மேற்சொன்ன இரண்டு பத்திகள் கொண்ட அட்டவணையை ஏற்பது, இரண்டு மூலங்கள் ஒத்துப்போகாத எந்த வரியையும் பென்சில் குறியோடு நிறுத்திவைத்து அச்சுக்கு அனுப்பாதிருப்பது.

செயலாளர்