வயிற்றுக்குள் பலூன் இருந்த ஆறு மாதமும் கூட இருந்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

நேற்று தையல் பிரித்தாயிற்று. தொப்புள் ஹெர்னியா (குடலிறக்கம்) ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

போன வருடம் நான் 124 கிலோ. இந்த எடையில் மயக்க மருந்து கொடுப்பது ஆபத்து, தைத்த இடம் மறுபடி விட்டுப்போகவும் கூடும் என்று சர்ஜன் சொன்னார். அதோடு விடாமல் எடையைக் குறைக்க வைக்கும் இரைப்பை பலூன் பற்றி எடுத்துச் சொல்லி, எண்டோஸ்கோப்பி டாக்டரிடம் அனுப்பியவரும் அவர்தான்.

அந்த டாக்டர் கத்தி வைக்கவில்லை. வாய் வழியாகவே சிலிக்கோன் பலூனை இறக்கி, அரை லிட்டருக்கு மேல் நீல மருந்து கலந்த உப்புநீர் நிரப்பினார். அதற்கு முன்பே, "ஆறு மாசம்தான் இது உள்ளே இருக்கும். சீக்கிரம் வயிறு நிறைஞ்ச மாதிரி காட்டும், அவ்வளவுதான். எடுத்த பிறகு பழையபடி சாப்பிட்டா எடையும் பழையபடி ஏறிடும்" என்று சொல்லிவிட்டார். ஆசை காட்டாமல் பேசினீர்களே டாக்டர், அதை நம்பித்தான் சரி என்றேன்.

முதல் மூன்று நாள் ஓயாத வாந்தி, வயிற்றைப் பிசைகிற வலி. எடுத்துவிடுங்கள் என்று கேட்கவே நடுராத்திரி போன் செய்தேன். போனை எடுத்த நர்ஸ் தங்கச்சி அதை வைக்கவே இல்லை. "ஒரு ஸ்பூன் தண்ணி குடிங்கண்ணா. அஞ்சு நிமிஷம் கழிச்சு இன்னொரு ஸ்பூன்" என்று கூடவே இருந்தார். சிறுநீர் நீலமாகவோ பச்சையாகவோ போனால் பலூன் கசிகிறது என்று அர்த்தம், உடனே கிளம்பி வாருங்கள் என்று அந்த நேரத்திலும் நினைவுபடுத்தினார். தங்கச்சி, அன்று நீங்கள் இல்லையென்றால் நான்காம் நாளைப் பார்த்திருக்க மாட்டேன்.

டயட்டீஷியன் மேடம் என்னை ஒரு தடவைகூடத் திட்டியதில்லை. ஜூஸும் மில்க் ஷேக்கும் பலூனைத் தாண்டி நழுவிப் போய்விடும், எடை இறங்காது என்று அவர் சொல்லித்தான் தெரியும்.

அக்கா, உனக்கு எப்படி நன்றி சொல்வது? முதலில் வடிகட்டிய பருப்புத் தண்ணீர், அப்புறம் குழைந்த சாதம், கடைசியில் ஒரே ஒரு இட்லி என்று என் வயிற்றுக்குத் தகுந்தபடி ஆறு மாதமும் தனியாக உலை வைத்தாய். தினமும் காலையில் அமிலத்துக்கான மாத்திரையை நான் மறந்தாலும் நீ மறக்கவில்லை. பலூனை எடுப்பதற்கு முந்தைய நாள் முழுக்க நீராகாரம்தான் என்றதும் நீயும் என்னோடு கஞ்சித் தண்ணீர் மட்டும் குடித்தாயே, அதைக் கவனித்தேன்.

எடுக்கும்போது 107 கிலோ. அது ஏறாமல் இருந்ததால்தான் ஆபரேஷனுக்குத் தேதி கிடைத்தது.

வ.உ.சி. பூங்காவில் என் வேகத்துக்கு நடந்த அண்ணன்மார்களே, கனம் தூக்கத்தான் கூடாதாம், மெதுவாக நடக்கலாமாம். திங்கட்கிழமை வருகிறேன், கேட்டருகே நில்லுங்கள்.