தலைகளை எண்ணாத வியாழக்கிழமை

சயான், மும்பை

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. நான் நலம். நீ நலமாக இருக்க வேண்டும். தினமும் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் ஆரம்பிப்பதற்குள் "சரிம்மா, மீட்டிங் இருக்கு" என்று சொல்லிவிடுகிறாய். இதையாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து முழுசாகப் படி.

போன வாரம் பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னாய். ஸ்டுட்கார்ட்டில் ஆபீஸ் விட்டு வரும் வழியில் ஒரு பேக்கரி. கண்ணாடிக்குள் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு துண்டு கேக், மேலே ஒரு செர்ரி, நாலரை யூரோ. நின்று பார்த்தாயாம். மனசுக்குள் ரூபாயாக மாற்றினாயாம். "அந்தக் காசுக்கு நீ ஒரு வாரத்துக் காய்கறியே வாங்கிடுவியேம்மா" என்று சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டாய். எனக்கு அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை.

அந்தக் கணக்கு என்னிடமிருந்து போனது. சின்னதில் நீ எதைக் கேட்டாலும் அதைத் தக்காளியாகவும் அரிசியாகவும் மாற்றிச் சொல்லியே உன் கையைப் பிடித்து இழுத்து வந்தவள் நான். அப்போது வேறு வழியில்லை. அப்பாவின் ஒர்க்‌ஷாப் சம்பளம், என் கார்ப்பரேஷன் ஸ்கூல் சம்பளம், ஊரில் கட்டின வீட்டுக்கு வட்டி, சித்தப்பாவின் படிப்பு. அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது. ஆனால் கடன் அடைந்து பதினைந்து வருஷம் ஆகிவிட்டது. நீயும் நன்றாகச் சம்பாதிக்கிறாய். இருந்தும் அந்தக் கணக்கு நிற்காமல் ஓடுகிறது, இப்போது யூரோவில்.

அதனால், இதுவரை உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். ஒன்றரை வருஷமாக நான் வியாழக்கிழமை தோறும் ஊர் சுற்றுகிறேன்.

நாலு பேர் சேர்ந்து போகிறோம். நான், நம் மாடியில் இருக்கும் மராத்தி காக்கூ, என்னோடு தாராவி ஸ்கூலில் தெலுங்கு மீடியத்தில் இருந்த டீச்சர், அப்புறம் உன் செம்பூர் அத்தை. ஆமாம், அத்தைதான். அவளும் நானும் முப்பது வருஷம் "சௌக்கியமா, சாப்பிட்டாச்சா" என்பதைத் தாண்டிப் பேசினதில்லை என்பது உனக்குத் தெரியும். இப்போது புதன்கிழமை சாயங்காலமே போன் வந்துவிடுகிறது: "மதினி, நாளைக்கு எங்க?"

இரண்டு கட்டுப்பாடு வைத்திருக்கிறோம். ஒருத்திக்கு இருநூறு ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. அப்புறம், வெளியே இருக்கும் நேரத்தில் சர்க்கரை அளவு, முழங்கால், மருமகள் என்று யார் வாய் திறந்தாலும் அன்றைய டீக்காசு அவள் தலையில். முதல் மாதம் முழுக்கக் காக்கூதான் கொடுத்தாள். இப்போது யாரும் மாட்டுவதில்லை. பேச வேறு எவ்வளவோ இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டோம்.

முதல் வியாழக்கிழமை எங்கே போனோம் தெரியுமா? கிங்ஸ் சர்க்கிள் மூலையில் இருக்கிற இரானி கடை, கூலார். 1932இல் திறந்த கடை. மாட்டுங்கா மார்க்கெட்டுக்குப் பூவுக்கும் காய்க்கும் போகும்போதெல்லாம் அதைத் தாண்டித்தான் போவேன். உள்ளே போனதில்லை. பெண்கள் ஓட்டலில் உட்கார்ந்து டீ குடிப்பதா, வீட்டில் டீத்தூள் இல்லையா என்று கேட்கிற காலத்தில் கல்யாணமாகி வந்தவள் நான். யாரும் என்னைத் தடுக்கவில்லை, நானே என்னைத் தடுத்துக்கொண்டேன். அப்பா மட்டும் ஒர்க்‌ஷாப் சிநேகிதர்களோடு போவார். வரும்போது உனக்கு ஒரு காகிதப் பொட்டலத்தில் காரி பிஸ்கட் வரும், ஞாபகம் இருக்கிறதா? சட்டையெல்லாம் உதிரும் என்று நான் திட்டுவேன்.

அறுபத்தியிரண்டாவது வயதில் அந்தப் படியேறினேன். அத்தை ஒரு மேசையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "எங்க அண்ணன் இந்த மாதிரி மேசையிலதான் உக்காந்திருக்கும், என்ன மதினி" என்றாள். நாங்கள் அங்கேயே உட்கார்ந்தோம்.

ப்ரூன் மஸ்கா சொன்னோம். பன் மாதிரி மெத்தென்று இருக்காது. மேலே ஓடு மாதிரி கடினமாக, உடைத்தால் சத்தம் வரும். நடுவில் பிளந்து வெண்ணெயை அள்ளிப் பூசியிருப்பார்கள். டீயில் முக்கினால் வெண்ணெய் உருகி மேலே பொன் நிறத்தில் வட்டம் வட்டமாக மிதக்கும். "பானி கம்" என்று சொன்னால் தண்ணீரைக் குறைத்துக் கெட்டியாக டீ தருவார்கள். இதெல்லாம் தெலுங்கு டீச்சர் சொல்லிக்கொடுத்தது. அவள் இருபது வருஷமாகத் தனியாகவே இரானி கடைக்குப் போய் வருகிறாளாம், ஒருத்தரிடமும் சொல்லாமல்! அவள் சொல்லித்தான் இன்னொன்றும் தெரிந்தது: ஈரானில் யஸ்த், கெர்மான் பக்கத்திலிருந்து வந்த ஜொராஸ்ட்ரிய மதத்தவர்கள் ஆரம்பித்த கடைகள் இவை. மூலைக்கடை ராசியில்லை என்று நம் ஆட்கள் விட்டுவைத்த இடங்களை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள் என்று சொல்வார்களாம். இரண்டு தெரு வெளிச்சமும் காற்றும் வருகிற இடத்தைப் போய் வேண்டாம் என்றிருக்கிறார்களே என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது. பிறகு ஒரு நாள் தோபி தலாவில் 1904ஆம் வருஷத்துக் கடையான கயானிக்கும் போய், பால்கோவா சேர்த்துச் செய்கிற மாவா கேக் சாப்பிட்டோம். ஏலக்காய் வாசனை கையிலேயே நின்றது. அந்த வாசனையோடு வி.டி. ஸ்டேஷன் வரை மெதுவாக நடந்தோம்.

உனக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டியது ராணி பாக் மிருகக்காட்சிசாலைக் கதை. புதன்கிழமை அங்கே விடுமுறை. வியாழக்கிழமை திறந்திருக்கும்.

ஸ்கூலில் வேலை பார்த்த வருஷமெல்லாம் பிள்ளைகளை அங்கே பிக்னிக் கூட்டிப்போயிருக்கிறேன். ஒரு மிருகத்தையாவது பார்த்திருக்கிறேனா என்றால் இல்லை. தாராவியிலிருந்து நாற்பது, ஐம்பது பிள்ளைகள். வாசலில் எண்ணுவேன், பறவைக்கூண்டுப் பக்கம் எண்ணுவேன், தண்ணீர்க் குழாயில் எண்ணுவேன், சாப்பாட்டு டப்பா மூடும்போது எண்ணுவேன். ஒரு தலை குறைந்தால் வயிற்றில் புளி கரைக்கும். பிள்ளைகள் புலியைப் பார்த்தன. நான் பிள்ளைகளின் பின்னந்தலையைப் பார்த்தேன்.

இந்த முறை டிக்கெட் எடுத்து உள்ளே நுழைந்ததும் கை தானாக எதையோ எண்ணத் தேடியது. எண்ண ஒன்றும் இல்லை. நாலு கிழவிகள், நாலு பேரும் கண்ணுக்கு முன்னால். அந்த நிமிஷம் எனக்கு உடம்பே லேசான மாதிரி இருந்தது, எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

முதலில் அந்த வளாகத்திலேயே இருக்கிற அருங்காட்சியகத்துக்கு வெளியே தோட்டத்தில் நிற்கிற கல் யானையைப் பார்த்தோம். அருங்காட்சியகம் 1872இல் திறந்தது. யானை அதைவிட எவ்வளவோ பழையது. எலிபெண்டா தீவுக்கு அந்தப் பேர் வரக் காரணமான யானையே இதுதான். 1864இல் இங்கிலாந்துக்குக் கொண்டுபோகத் தூக்கியபோது விழுந்து உடைந்ததாம். துண்டுகளை இங்கே கொண்டுவந்து, பிற்பாடு ஒட்டி நிறுத்தியிருக்கிறார்கள். "ரிட்டயர் ஆனதும் படகில் எலிபெண்டா போவோம்" என்று அப்பா ஒவ்வொரு லீவுக்கும் சொல்வார். ரிட்டயர் ஆகி மூன்றே வருஷம்தான் இருந்தார், தெரியும்தானே. தீவுக்குப் போக முடியவில்லை, தீவின் யானை இங்கே நின்றுகொண்டிருக்கிறது. அதன் காலடியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

அப்புறம் பென்குயின். 2016இல் தென்கொரியாவிலிருந்து கொண்டுவந்தார்கள், நீ ஜெர்மனி போன பிறகு வந்தது, அதனால் நீ பார்த்ததில்லை. கண்ணாடி அறைக்குள் குளிர்ச்சியாக வைத்திருக்கிறார்கள். நான் பனிக்கட்டியைத் தேடினேன். இது பனிக்காட்டுப் பறவை இல்லையாம். ஹம்போல்ட் பென்குயின், பெரு, சிலி நாட்டுக் கடற்கரைப் பறவை. கரையில் தள்ளாடித் தள்ளாடி, காக்கூ மாடிப்படி இறங்குகிற மாதிரி நடக்கிறது. தண்ணீருக்குள் போனதும் அம்பு! ஒன்று என் எதிரே கண்ணாடியில் மூக்கை வைத்து நின்றது. நாற்பது நிமிஷம் நகராமல் நின்றேன். அத்தை இரண்டு முறை வந்து கூப்பிட்டாள்.

அப்போது ஒரு ஸ்கூல் பிள்ளைகள் கூட்டம் உள்ளே வந்தது. கூட ஒரு டீச்சர், சின்னப் பெண், உன் வயதுகூட இருக்காது. கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு விரல் நீட்டி எண்ணிக்கொண்டிருந்தாள். பின்னால் பென்குயின் குதிக்கிறது, பிள்ளைகள் கத்துகிறார்கள், அவள் முப்பத்தேழு, முப்பத்தெட்டு என்று உதடு அசைத்துக்கொண்டிருக்கிறாள். எனக்குத் தாங்கவில்லை. பக்கத்தில் போய் ஹிந்தியில் சொன்னேன்: "நானும் டீச்சராக இருந்தவள். பத்து நிமிஷம் நான் எண்ணுகிறேன், நீ திரும்பிப் பார்." முதலில் தயங்கினாள். எத்தனை பேர் என்று கேட்டேன். நாற்பத்தொன்று என்றாள். தெலுங்கு டீச்சர் வாசல் பக்கம் போய் நின்றுகொண்டாள், பழைய பழக்கம். அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் பிள்ளைகளோடு பிள்ளையாக அவளும் கையைத் தட்டினாள்.

நாற்பத்தொரு தலையும் சரியாக இருந்தது. ஒப்படைத்துவிட்டு வந்தோம்.

மற்ற வியாழக்கிழமைகளைச் சொன்னால் கடிதம் நீண்டுவிடும். மழைக்காலத்தில் மெரின் டிரைவ் சுவரில் உட்கார்ந்து எலுமிச்சையும் மிளகாய்ப்பொடியும் தேய்த்த புட்டா, அதாவது சுட்ட சோளக்கதிர், தின்றோம். ஜஹாங்கீர் ஆர்ட் கேலரியில் நுழைவுச் சீட்டே கிடையாது, படம் புரிகிறதோ இல்லையோ சுற்றி வந்தோம். வெயில் காலத்தில் மாதம் ஒரு முறை வெளியே போகாமல் யாராவது ஒருத்தி வீட்டில் நாலு மணி டீ. அது எனக்கு இன்னும் பிடிக்கும். காக்கூ டீயில் கவ்தி சஹா போடுவாள். மார்க்கெட்டில் புதினாக் கட்டுப் பக்கத்தில் நீளமாகக் கிடக்குமே, எலுமிச்சைப் புல், அதுதான். தெலுங்கு டீச்சர் புனுகுலு, அத்தை முந்திரிக்கொத்து, நான் சுசியம். போன முறை அத்தை கடைசிச் சுசியத்தை எடுத்துக்கொண்டு, "கல்யாணமாகி வந்தப்பவே நீங்க நல்லாத்தான் செய்வீக மதினி, நான்தான் சொல்லல" என்றாள். முப்பத்தாறு வருஷம் கழித்து வந்த வார்த்தை. அடுப்படிக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

நீ மாதாமாதம் அனுப்புகிற பணத்தை நான் தொடவில்லை என்று நினைக்காதே. மருந்துக்குப் போக மிச்சத்தில் இந்த இருநூறு ரூபாயும் இருக்கிறது. பாங்கில் கிடக்கிற பணத்தைவிட இதில் எனக்கு நீ நிறையக் கொடுத்திருக்கிறாய்.

ஒன்று பாக்கி இருக்கிறது. நீ மூணாங்கிளாஸ் படிக்கும்போது, வி.டி.யிலிருந்து வரும்போது டபுள் டெக்கரில் மேல்மாடி முன்சீட்டு கேட்டு அழுதாய். கையில் பை, இறங்க நேரமாகும் என்று கீழேயே உட்கார வைத்தேன். வீடு வரை நீ ஜன்னலைப் பார்க்கவே இல்லை. அந்தச் சிவப்பு வண்டிகள் 1937இல் ஆரம்பித்து 2023 செப்டம்பர் 15ஓடு நின்றுபோயின. பேப்பரில் படித்தபோது உன் முகம்தான் வந்தது. இப்போது கரண்டில் ஓடுகிற ஏ.சி. டபுள் டெக்கர் விட்டிருக்கிறார்கள். ஜன்னல் திறக்காது, காற்று முகத்தில் அடிக்காது. ஆனால் முன்சீட்டுக் கண்ணாடி பெரிது. வி.டி.யிலிருந்து நரிமன் பாயிண்டில் இருக்கிற என்.சி.பி.ஏ. கலையரங்கம் வரை 115ஆம் நம்பர் போகிறது. நான் இன்னும் ஏறவில்லை. மற்ற மூன்று பேரும் கூப்பிட்டும் ஏறவில்லை. டிசம்பரில் நீ வந்ததும் முதல் வியாழக்கிழமை உனக்கு.

இப்போது அந்தக் கேக்குக்கு வருகிறேன். நீ சொன்ன அடையாளத்தை வைத்துப் பார்த்தால் அது பிளாக் ஃபாரஸ்ட். உன் பத்தாவது பிறந்தநாளுக்கு அப்பா ஓவர்டைம் காசில் அரைக் கிலோ வாங்கி வந்தாரே, அதே கேக். அந்தப் பேருக்குரிய காடு உன் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது என்று காக்கூவின் பேரன் மேப்பில் காட்டினான். அங்கே செய்வதில் செர்ரியில் வடித்த சாராயம் கொஞ்சம் ஊற்றுவார்களாம். பரவாயில்லை, அம்மா ஒன்றும் சொல்ல மாட்டேன்.

ஏட்டி, வருகிற வியாழக்கிழமை ஆபீஸ் விட்டதும் நேராக அந்தக் கடைக்குப் போ. பொட்டலம் கட்டி வாங்கிவந்து ரூமில் நின்றுகொண்டு தின்னாதே. உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்து, கூட ஒரு டீயோ காபியோ சொல்லு. இங்கே நாங்கள் அன்றைக்கு கூலாரில் இருப்போம். உனக்கும் எங்களுக்கும் மணி வித்தியாசம் இருந்தால் இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை போனில் அந்தச் செர்ரி இனிப்பா புளிப்பா என்று எனக்குச் சொல்ல வேண்டும். அத்தையும் கேட்கச் சொன்னாள்.

அன்புடன்,
அம்மா