ஜோடி கிடைக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

பால்ரூம் நடனம், அதாவது ஜோடியாக ஆடும் மேல்நாட்டு நடனம், கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறவர்களுக்காக நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். ஒரு வரியைத் தவிர நன்றாகவே இருந்தது. ‘முதலில் ஒரு ஜோடியைத் தேடிக்கொள்ளுங்கள்’ என்று போட்டிருந்தீர்கள். யாரோ சொன்ன இதே பேச்சை நம்பித்தான் நான் நான்கு வருஷம் சும்மா உட்கார்ந்திருந்தேன். மனைவிக்கு இதில் துளிகூட ஆர்வம் இல்லை, வேறு யாரையாவது கேட்கவோ கூச்சம். கடைசியில் 53 வயதில், வருவது வரட்டும் என்று தனியாகப் போய்ச் சேர்ந்தேன். பார்த்தால் வகுப்பில் பாதிப் பேர் என்னைப் போலத் தனியாக வந்தவர்கள்.

தொடக்க வகுப்புகளில் பல இடங்களில் சில நிமிஷத்துக்கு ஒரு முறை பார்ட்னரை மாற்றிவிடுவார்கள். முதல் வாரம் அது எனக்குப் பெரிய சங்கடம். அப்புறம்தான் அதன் அருமை தெரிந்தது. ஜோடியில் ஒருவர் நடத்துவார், மற்றவர் பின்தொடர்வார். ஒரே ஆளோடு ஆடிக்கொண்டிருந்தால், நான் தப்பாக நடத்தினாலும் அவர் ஊகித்து வந்துவிடுவார், அவர் தப்பை நானும் சமாளித்துவிடுவேன், இருவருமாகச் சேர்ந்து அந்தத் தப்பையே அழகாகப் பழகிவிடுவோம். புது ஆளிடம் இந்தக் கதை நடக்காது. நான் உடம்பை நகர்த்தாமல் கையால் இழுத்தால் அவர் நின்ற இடத்திலேயே நிற்பார். என்னைவிட மூத்த ஒரு அம்மா, “ஏன் தம்பி, பஸ் ஸ்டீயரிங் மாதிரி திருப்புறீங்க?” என்று கேட்டார். அன்றைக்குத்தான் ‘லீட்’ (நடத்துவது) என்றால் என்னவென்று எனக்கு விளங்கியது. கைகள் பிடித்த நிலையில் அப்படியே இருக்க வேண்டும். நம் எடை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு முழுசாகப் போக வேண்டும். அதை எதிரில் இருப்பவர் உடம்பால் உணர்ந்து நகர்வார். ஆசிரியர் இதை நாலு தடவை சொல்லியும் மண்டையில் ஏறாதது, ஆறு பேர் மாறி ஆடியதில் ஒரே மாலையில் ஏறிவிட்டது.

வீட்டில் தனியாகப் பழகவும் நிறைய இருக்கிறது. மூன்று தட்டுத் தாளத்தில் ஆடும் வால்ட்ஸ் நடனத்தின் முதல் பாடம் பாக்ஸ் ஸ்டெப், பெட்டி வடிவில் கால் வைப்பது. நடத்துகிறவர் இடது காலை முன்னே வைத்து, வலது காலைப் பக்கத்தில் வைத்து, இடது காலைக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும், பிறகு வலது காலைப் பின்னே வைத்து அதே மாதிரி. பின்தொடர்பவருக்கு எல்லாம் தலைகீழ், வலது காலைப் பின்னே வைத்துத் தொடங்குவார். மூன்று மூன்றாக எண்ணுவதற்கு நான் ‘தகிட, தகிட’ என்றே சொல்லிக்கொள்வேன், நம் காதுக்கு அதுதான் சுலபம். ஆனால் பாட்டுத் தேர்வில் கவனம் வேண்டும். சாதாரண வால்ட்ஸுக்கு நிமிஷத்துக்கு 84 முதல் 90 தட்டு போதும். வியன்னா வால்ட்ஸ் அதைப் போல இரண்டு மடங்கு ஓடும். நான் தெரியாத்தனமாக அதைப் போட்டுக்கொண்டு, நமக்குத் தாள ஞானமே இல்லை போலிருக்கிறது என்று ஒரு வாரம் மனம் நொந்து கிடந்தேன்.

இன்னொன்று, அவசரம். நான் முதலில் சேர்ந்த இடத்தில் (பெயர் வேண்டாம்) எட்டு வாரத்தில் ஆறு நடனம் சொல்லிக்கொடுத்தார்கள். முடிந்தபோது ஆறிலும் முதல் இரண்டு ஸ்டெப் மட்டும் தெரிந்தது, அதிலும் ரும்பாவும் சா சா சாவும் ஒன்றோடொன்று குழம்பிப் போயிருந்தன. சர்வதேசப் போட்டிகளின் பட்டியலில் ஸ்டாண்டர்ட் (வால்ட்ஸ் மாதிரி) ஐந்து, லத்தீன் (ரும்பா மாதிரி) ஐந்து என்று பத்து இருக்கின்றன, அத்தனையையும் தொட்டுப் பார்க்க என்ன அவசரம்? அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று என்று ஆறு மாசம் ஆடினால் போதும்.

காலணிக்கு முதல் நாளே செலவு செய்ய வேண்டியதில்லை. ரப்பர் அடிப்பாகம் உள்ள ஷூ மட்டும் வேண்டாம், தரையைப் பிடித்துக்கொண்டு கால் அப்படியே நிற்க, மேலே உடம்பு திரும்பும்போது முழங்கால்தான் வாங்கிக் கட்டிக்கொள்ளும். குனிந்து காலைப் பார்க்காதீர்கள் என்பதை எல்லோரும் சொல்வார்கள். எல்லோரும் பார்ப்போம். பார்த்த உடனே மிதிப்போம்.

பத்திரிகைகள் இந்த நடனத்தில் சறுக்குவது புதிதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். 1816-இல் லண்டனில் இளவரசர் கொடுத்த நடன விருந்தில் வால்ட்ஸ் ஆடினார்கள் என்று டைம்ஸ் பத்திரிகை கொதித்துப்போய், ஆபாசமான அந்நிய நடனம் என்று எழுதியது. அதோடு ஒப்பிட்டால் உங்கள் தவறு சின்னதுதான்.

ஆனால் கட்டுரையோடு போட்டிருந்த படம்? ஓர் ஆண் ஒரு பெண்ணைத் தலைக்கு மேல் தூக்கிச் சுழற்றுகிறார். வழக்கமான பால்ரூம் போட்டிகளில் அப்படித் தூக்க அனுமதியே கிடையாது, ஷோ டான்ஸ் மாதிரி தனிப் பிரிவுகளில்தான் அதெல்லாம். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, இடுப்பு வலி இருக்கும் எந்த ஐம்பது வயதுக்காரர் வகுப்புப் பக்கம் வருவார்? அடுத்த முறை சாதாரணமான ஒரு முதல் நாள் வகுப்பின் படத்தைப் போடுங்கள், எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள், பரவாயில்லை.

இப்படிக்கு,
வால்ட்ஸையே இன்னும் முடிக்காத ஒரு வாசகர்